ஓலை, தப்தர், பதிவேடு: தன்பாலினத் திருமணத்துக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள்; ஐந்து வருடமாக இன்னொரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கூட இருப்பவள் தோழி என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "எனக்கு மகளும் வேணும், கோயிலும் வேணும். இந்தக் கல்யாணச் சட்டம் வந்தால் நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்கிறார். எங்கள் கரையோரத்தில் கத்தோலிக்கர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

கீழக்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கேள்வி வேறு மாதிரி. "அரசாங்கம் இதை ஏற்றுக்கொண்டால், நாளைக்கு ஜமாஅத்தும் எழுதித்தான் ஆகணும் என்று வருமா?" மூன்றாவது கடிதம் ஓர் இளைஞர் குழுவிடமிருந்து. 'மத உரிமையா, மண உரிமையா' என்று பட்டிமன்றம் வைக்கிறார்களாம். இரண்டு அணிக்கும் குறிப்பு வேண்டுமாம்.

பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி போதும். இந்த விஷயத்துக்குப் போதாது. குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன: பத்திரங்கள் எழுதிக்கொள்வது, குடும்பப் பிணைப்பாகப் பதிவது, மதம் சாராத சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திறப்பது, மதத் திருமணச் சட்டங்களையே திருத்துவது. 'எதிர்க்கிறேன்' என்று சொல்பவரில் பலர் நான்காவதைத்தான் எதிர்க்கிறார்கள். 'ஆதரிக்கிறேன்' என்பவரில் பலர் மூன்றாவதோடு திருப்தியாகிவிடுவார்கள். நான் வக்கீல் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பவன். அதனால் எனக்கு எல்லாமே பதிவேட்டின் பக்கமிருந்துதான் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். பாம்பனில் கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். கீழக்கரையில் நிக்காஹ் என்றால் ஜமாஅத்தின் பதிவேடான தப்தரில் கையெழுத்து விழும். ராமேஸ்வரத்தில் தாலி கட்டினால் கோயில் ரசீது கையில் வரும். இதெல்லாம் முடிந்த பிறகு, எல்லா மதத்துக்காரரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஆக, சடங்கு ஒன்று, பதிவு ஒன்று. இரண்டுக்கும் 'கல்யாணம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி, சொத்து, சாவு என்று வரும்போது அந்த வழி கைகொடுக்குமா? சடங்கு நடத்தும் குருவானவரையோ ஆலிமையோ அர்ச்சகரையோ மனசாட்சிக்கு விரோதமாக நடத்தச் சொல்லுமா? சடங்குக்கு வெளியே இருக்கும் நம்பிக்கையாளருக்கு, அதாவது மண்டபக்காரருக்கு, அலுவலருக்கு, மத நிறுவனம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு, என்ன ஆகும்? ஊருக்குள் எவ்வளவு வெளிச்சம் போடும்? சென்னையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி சின்னது. அப்பா அம்மா மண்டபத்திலோ தொண்டியிலோ இருப்பவருக்கு இதுதான் பெரியது. கடைசியாக, இன்றைக்கு நடக்கக்கூடியதா?

'சரியா தவறா' என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பத்திர எழுத்தர் சொல்லி யாரும் விசுவாசத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

## சட்டம் இன்று எங்கே நிற்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. வயதுவந்த இருவர் விருப்பப்பட்டு இருப்பது குற்றமில்லை என்றானது. 2023 அக்டோபர் 17-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத்தவருக்குத் திருமண உரிமையை நீதிமன்றம் தர முடியாது, அது சட்டமன்றங்களின் வேலை என்றது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து பேரும் ஒன்று. திருமணம் அல்லாத ஒரு சட்டப் பிணைப்பாவது தரவேண்டுமா என்பதில் மட்டும் 3-க்கு 2 என்று பிரிந்தார்கள். வேண்டும் என்றவர்கள் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கவுல். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

பலர் கவனிக்காத ஒன்று: மதச் சட்டங்களுக்குள் போகமாட்டோம், சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும்தான் பார்ப்போம் என்று நீதிமன்றம் விசாரணையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. டெல்லியில் மேசையில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் டீக்கடையில் சண்டை நடந்தது.

## வழி 1: இருப்பது இருக்கட்டும், பத்திரத்தில் பார்த்துக்கொள்ளலாம்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

சேர்ந்து வாழ்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உயில் எழுதலாம், அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரையொருவர் நாமினியாகப் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாக எழுதலாம் என்றும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவரே உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதே சமயம் மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்திரத்தில் உட்காரும்போதுதான் ஓட்டை தெரியும்.

வீட்டை உயிரோடிருக்கும்போதே கொடுக்க நினைத்தால் செட்டில்மெண்ட். முத்திரைச் சட்டத்தின் கணக்கில் 'குடும்பம்' என்றால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும், வரம்பில்லாமல். 20 லட்ச ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டுக்குக் குடும்பத்துக்குள் என்றால் 40,000 ரூபாயைத் தாண்டாது. வெளியாளுக்கு 1,80,000. ஒரு நாள் ஓர் அம்மாள், இருபது வருடம் கூடவே இருந்த தோழிக்குத் தன் பங்கை எழுதிவைக்க வந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவர்கள் எந்த வகைத் தோழிகள் என்று நான் கேட்கவில்லை, அது எனக்கு வேண்டியதும் இல்லை.

அப்புறம் அதிகாரப் பத்திரம். 'ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட பவர் எழுதிக் கொடுங்கள்' என்று வருபவர்கள் உண்டு. எழுதிக்கொடுத்தவர் மனநிலை இழந்தால் அந்த பவர் அங்கேயே முடிந்துவிடும், இறந்தாலும் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் செத்துப்போகிற பத்திரம் அது. கடைசிக்கட்ட சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

ஆயுள் காப்பீட்டில் இன்னொரு பொறி. நாமினியாக யார் பெயரையும் போடலாம். ஆனால் 2015 திருத்தத்துக்குப் பிறகு பணம் நாமினிக்கே சொந்தமாவது பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் என்றால் மட்டும்தான். மற்றவர் வாங்கி வாரிசிடம் கொடுக்கவேண்டும். யார் வாரிசு? அந்த அம்மா கவனிக்க வேண்டிய இடம் இது: கல்யாணமாகாத, பிள்ளையில்லாத கிறிஸ்தவப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா உயிரோடு இருந்தால் முழுதும் அப்பாவுக்கு. கூட வாழ்ந்தவளுக்கு எதுவும் இல்லை. பெற்ற அம்மாவுக்கும் இல்லை.

மத உரிமையின் பக்கம் பார்த்தால் இந்த வழி யாரையும் தொடவில்லை என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு வழி இல்லை என்பதால் எத்தனையோ பிள்ளைகளை வற்புறுத்தி மணமேடையில் ஏற்றுகிறோம். கத்தோலிக்கத்தில் மனமொப்பிய சம்மதம் இல்லாத திருமணம் திருவருட்சாதனமே ஆகாது. இஸ்லாத்தில் நிக்காஹ் இருவர் சம்மதத்தில் நிற்கும் ஒப்பந்தம். பொய்ச் சம்மதத்தை ஓலையிலும் தப்தரிலும் ஏற்றுவது மதத்துக்கு நடக்கும் சேதம்தான். சம்பந்தி வீட்டுப் பெண்ணோ பையனோ அதில் இழக்கும் வாழ்க்கை தனிக் கணக்கு.

இந்த வழி யாருக்கு? இன்றைக்கு எல்லோருக்கும், ஏனென்றால் கையில் இருப்பது இது ஒன்றுதான். ஊருக்குத் தெரியவேண்டாம் என்பவர்களுக்கு நாளைக்கும் இதுவே பொருந்தும். உயில் பெட்டிக்குள் தூங்கும். யாரும் பலகையில் ஒட்டமாட்டார்கள்.

## வழி 2: திருமணம் என்ற பெயர் வேண்டாம், குடும்பப் பிணைப்பு என்று பதியலாம்

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் ஒரு யோசனை வந்தது: இருவர் சேர்ந்து குடும்பமாக வாழ்கிறோம் என்று ஓர் ஆவணம் எழுதிப் பதிவு செய்யும் முறை. மாநில அரசு இதைப் பரிசீலிக்கட்டும் என்றார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றது. பெற்றோர் பிடியிலிருந்த ஒரு பெண்ணை அவள் விரும்பியபடி தோழியோடு போகவிட்ட வழக்கு அது. நீதிமன்றம் சொன்னதும் பதிவுத்துறை எழுதிக்கொள்வதும் ஒன்றில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதற்கு இன்னும் புத்தகம் திறக்கவில்லை.

மத நம்பிக்கையாளர்கள் பலருக்கு இந்த வழி ஆறுதல் தரும். 'திருமணம்' என்ற சொல் அவர்களிடமே இருக்கிறது. தைவானில் 2018 பொதுவாக்கெடுப்பில் மக்கள் குடிமைச் சட்டத்தைத் திருத்தக் கூடாது என்றார்கள். அரசோ, தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பை மீற முடியாது. 2019-இல் தனிச் சட்டம் ஒன்று போட்டு, தலைப்பில் திருமணம் என்ற சொல்லே வராமல் அந்தத் தீர்ப்பின் எண்ணைப் பெயராக வைத்தார்கள். நம்மூர்ப் பஞ்சாயத்துக்காரர்களை மிஞ்சிய சாமர்த்தியம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. இரண்டாம் தரப் பதிவேடு என்றால், பென்ஷன், காப்பீடு, மீனவர் நல வாரியம், பத்திரப் பதிவு என்று 'மனைவி', 'கணவன்' என்ற சொல் வரும் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாகத் திருத்தவேண்டும். ஒன்று விட்டுப்போனால் அதில்தான் மாட்டும். இரண்டாவது செலவு எதிர்ப்பவர்களுக்கு: இந்த வழி பெரும்பாலும் நிற்பதில்லை. டென்மார்க் 1989-இல் பதிவுக் கூட்டு என்று தொடங்கி 2012-இல் திருமணத்துக்குப் போனது. ஜெர்மனி 2001-இல் தொடங்கி 2017-இல் போனது. பிரிட்டனும் அப்படியே. சமரசம் என்று நினைத்து ஒப்புக்கொள்பவர், அது கடைசி நிறுத்தம் இல்லை என்று தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் எனக்கு இந்த வழியில் ஓர் ஆசை உண்டு. பிரான்ஸில் 1999-இல் வந்த இப்படியொரு ஒப்பந்தத்தை இன்று அதிகம் எடுப்பவர்கள் ஆண்-பெண் இணைகள். நம் பக்கம் கடலில் புருஷனை இழந்த இரண்டு பெண்கள் ஒரே குடிசையில் பாசி எடுத்துப் பிழைப்பதைப் பார்க்கலாம். ஒருத்திக்கு ஒருத்திதான் எல்லாம். குடும்பப் பிணைப்பு ஆவணத்தை அகலமாக எழுதினால் அவர்களுக்கும் அந்த 7 சதவீதம் மிச்சமாகும். அப்படி அகலப்படுத்தினால் எதிர்ப்பும் பாதியாகும் என்பது என் கணிப்பு.

## வழி 3: சிறப்புத் திருமணச் சட்டத்தின் கதவைத் திறப்பது

மதத்துக்கு வெளியே கல்யாணம் செய்ய நினைப்பவர்களுக்காகவே கட்டிய வாசல் இது. 1872-இல் முதல் சட்டம் வந்தபோது, நான் இந்து இல்லை, கிறிஸ்தவர் இல்லை, முஸ்லிம் இல்லை என்று எழுதிக்கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். 1923-இல் கொஞ்சம் தளர்ந்தது. 1954-இல் இன்றுள்ள சட்டம் வந்தது. மதத்தைக் கைவிடாமலே வெளியே மணக்கலாம். ஒவ்வொரு முறையும் மதம் அழியும் என்ற பயம் எழுந்தது. பாம்பன் கோயிலில் ஓலை இன்றும் வாசிக்கிறார்கள்.

கல்யாணப் பதிவு என்றால் முழுப் பதிவு: செட்டில்மெண்ட் 1 சதவீதத்துக்கு வரும், காப்பீட்டுப் பணம் சொந்தமாகும், வாரிசுச் சான்றில் பெயர் ஏறும். தாய்லாந்து தன் குடிமைச் சட்டத்தைத் திருத்தி 2025 ஜனவரி 23 முதல் இப்படித்தான் செய்கிறது. நேபாளத்தில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாகத் தற்காலிகப் பதிவேடு திறக்கச் சொல்லி, நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் பதிவு நடந்தது. ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையிலோ ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைப் பிரிவே இன்னும் நீங்கவில்லை.

நம் சட்டத்தில் சிக்கல், 'ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18' என்பதில் தொடங்கி எல்லாப் பிரிவிலும் ஆண்-பெண் பின்னிக் கிடக்கிறது. ஒரு நூலை இழுத்தால் வாரிசுரிமை வரை பிரியும் என்று நீதிமன்றம் ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நாடாளுமன்றம்தான் உட்கார்ந்து தைக்கவேண்டும்.

மறைந்த செலவுகளைக் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. பெயரும் விலாசமும் அலுவலகப் பலகையில் தொங்கும். நிரந்தர விலாசம் வேறு ஊர் என்றால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் நகல் போகும். சென்னையில் மனுக் கொடுத்தால் பாம்பன் பெண்ணின் பெயர் அவள் ஊர் அலுவலகப் பலகைக்கு வந்துவிடும். 'கோயிலில் ஓலை வாசிப்பதும் அதுதானே' என்பார்கள். ஓலை, வாழ்த்தப் போகிறவர்கள் நடுவே வாசிப்பது. பலகையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் அரிவாளோடு போகலாம். சாதி மாறி மணப்பவர்களுக்கே இன்று இதுதான் நிலைமை. இந்த 30 நாளை எடுக்காமல் கதவை மட்டும் திறந்தால், நம் மாவட்டத்தில் அந்தக் கதவருகே யாரும் வரமாட்டார்கள்.

வாரிசுரிமையும் மாறும். இந்துவும் இந்துவும் மணந்தால் மாறாது. மற்றவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும். முஸ்லிம் ஒருவர் இந்த வழியில் போனால் ஷரீஅத் பாகப்பிரிவினை அவர் சொத்துக்கு இல்லை. கிறிஸ்தவருக்கு இன்னொன்று: கல்யாணம் ஆன நிமிடமே அதற்கு முன் எழுதிய உயில் ரத்து. இன்று துணைக்கு உயில் எழுதிவைத்தவர் நாளை சட்டம் வந்து மணந்தால், மறக்காமல் புது உயில் எழுதவேண்டும்.

மத உரிமைக்கு? சடங்கைத் தொடவே இல்லை. ஆனால் எதிர்ப்பவர்களின் பயம் முழுக்கக் கற்பனை என்று தள்ளவும் மாட்டேன். பிரிட்டனில் தன்பாலினத்தவரிடம் பாகுபாடு கூடாது என்ற 2007 விதிகளுக்குப் பிறகு கத்தோலிக்கத் தத்தெடுப்பு நிறுவனங்கள் பல மூடின அல்லது திருச்சபையின் பிணைப்பை விட்டன. இந்தியாவிலேயே 2015-இல், தனியாக வாழ்பவருக்கும் குழந்தையைக் கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தபோது அன்னை தெரசா தொடங்கிய சபை தன் தத்தெடுப்பு மையங்களுக்கான அங்கீகாரத்தையே திருப்பிக் கொடுத்தது. குருவானவரை யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள் என்பது உண்மை. அவர் பங்கு (ஆலயச் சபை) நடத்தும் காப்பகத்தைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல முடியாது. சட்டம் எழுதும்போதே இதற்கு வரி இருக்கவேண்டும். பிரிட்டன் 2013-இல் எழுதிய சட்டத்தில், எந்த மத அமைப்பும் தானாக முன்வந்தால் ஒழிய நடத்தவேண்டியதில்லை, மறுத்ததற்காக வழக்கும் போடமுடியாது என்று நான்கு பூட்டுப் போட்டார்கள்.

## வழி 4: மதத் திருமணச் சட்டங்களையே திருத்துவது

கீழக்கரை ஆசிரியர் பயப்படுவது இதற்குத்தான். நேராகச் சொல்கிறேன்: தன்பாலினத் திருமணம் கேட்டு உச்ச நீதிமன்றம் போனவர்களுக்கு அங்கே கிடைக்காத வழி இது, ஜமாஅத்தைப் பொறுத்தவரை மத சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25, 26 பிரிவுகளும் குறுக்கே நிற்கும்.

இந்துச் சட்டம் மட்டும் கொஞ்சம் வேறு கதை. நம் மாநிலம் அதில் ஏற்கெனவே கைவைத்திருக்கிறது. ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, பழைய திருமணங்களையும் செல்லும் என்று ஆக்கினார். உற்றார் முன்னால் மாலை மாற்றினால் போதும். 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் இது முதல் திருமணம் என்று சான்று தந்தார். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. இது தன்பாலினத் திருமணம் ஆகாது. ஆனால் ஒரு பழைய சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டியது.

'கல்யாணம் என்பது ஆதியிலிருந்து ஒரே மாதிரி' என்று பட்டிமன்றத்தில் யாராவது பேசினால், இந்த மாவட்டத்தைச் சுற்றிக் காட்டுங்கள். கொண்டையங்கோட்டை மறவர் கிளை (குலப் பிரிவு) பார்ப்பது தாய்வழியில். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே போகிற வழக்கம். ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில்தான் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1868-இல், தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிய சாஸ்திரத்தை மிஞ்சும் என்று தீர்ப்புச் சொன்னது. சேதுபதி வீட்டுச் சண்டை நாடு முழுக்கச் சட்டமானது.

ஆனால் அந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். வழக்கம் மாறும் என்பது உண்மை. வழக்கம் ஊரிலிருந்து எழவேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் பொருள்தான். மேலிருந்து உத்தரவு போட்டு நிக்காஹையும் ஞானச் சடங்கையும் மாற்ற முயன்றால் கிடைப்பது பதிவேடு இல்லை, பகை. வத்திக்கான் 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட இணைகளுக்குத் தனிப்பட்ட ஆசீர்வாதம் தரலாம், திருமணச் சடங்கு போல இருக்கக்கூடாது என்று அனுமதித்தது. உள்ளே நகர்வு இருக்கிறது, அது அவர்கள் வேகத்தில் நகரும். மனமுவந்து மந்திரம் சொல்லும் ஓர் அர்ச்சகர் இருந்தால், அவரைத் தடுக்காமல் இருப்பதும் மத சுதந்திரம்தான். இதை இரண்டு அணியும் மறந்துவிடும்.

இன்னொரு முடிச்சு நம்மூருக்கே உரியது. ராமநாதசுவாமி கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருக்கிறது. அங்கே ரசீது போடுபவர் அரசு ஊழியரா, கோயில் ஊழியரா? தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் வராத இந்தக் கேள்வி இந்துக் கோயிலுக்கு மட்டும் வரும். வழி 4-ஐ ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பதை நான் பார்த்ததில்லை.

## மறுப்பவர்களை என்ன செய்வது

பதிவு செய்யும் அலுவலரே 'என் மதம் ஒப்பாது' என்றால்? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 2015-இல் கிம் டேவிஸ் என்ற அலுவலர் மறுத்து ஐந்து நாள் சிறையில் இருந்தார். மறுவருடம் அந்த மாநிலம் படிவத்திலிருந்து அலுவலர் பெயரையே எடுத்துவிட்டது, படிவச் சண்டை அடங்கியது. தென்னாப்பிரிக்கா 2006 சட்டத்தில் அலுவலர் எழுதிக்கொடுத்து விலகலாம் என்று வைத்தது. பல அலுவலகங்களில் நடத்திவைக்க ஆளே இல்லாமல் போக, 2020-இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். ஒரு தாலுகாவுக்கு ஒன்றிரண்டு சார்பதிவாளர் இருக்கும் ஊரில் விலகும் உரிமை என்றால் கதவைப் பூட்டுவது என்றுதான் பொருள். அரசுச் சம்பளம் வாங்குபவர் பதியட்டும், வாழ்த்தவேண்டாம்.

அமெரிக்காவில் தன்பாலின இணைக்குக் கல்யாணக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நமக்குக் கேக் பிரச்சினை இல்லை, மண்டபம்தான் பிரச்சினை. பங்குக் கோயிலுக்குச் சொந்தமான, பங்கு மக்களுக்கு மட்டும் கொடுக்கும் மண்டபத்தை விட்டுவிடலாம். புறவழிச்சாலையில் கட்டி யார் பணம் கொடுத்தாலும் திறக்கும் மண்டபத்துக்கு அந்தச் சலுகை எதற்கு?

## ஒரே பார்வையில்

| | வழி 1: பத்திரங்கள் | வழி 2: குடும்பப் பிணைப்பு | வழி 3: சிறப்புத் திருமணச் சட்டம் | வழி 4: மதச் சட்டத் திருத்தம் |
|---|---|---|---|---|
| ஆஸ்பத்திரி, சொத்து, சாவு | ஓட்டை அதிகம் | எழுதும் சட்டத்தைப் பொறுத்து | முழுமை | முழுமை |
| சடங்கில் தலையீடு | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| மத நிறுவனங்கள் | தொந்தரவில்லை | குறைவு | தனி விலக்கு எழுதவேண்டும் | பெரும் சிக்கல் |
| ஊர் வெளிச்சம் | மிகக் குறைவு | நோட்டீஸ் வைக்காவிட்டால் குறைவு | 30 நாள் பலகை | மிக அதிகம் |
| இன்று நடக்குமா | நடக்கும் | மாநில அரசு மனசு வைத்தால் | நாடாளுமன்றம் மனசு வைத்தால் | கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை |

## யாருக்கு எது

ஆசிரியருக்கு: நீங்கள் எதிர்க்கவேண்டியது வழி 4-இன் கட்டாயத்தை. வழி 3 வந்தால் தப்தரில் ஒரு வரிகூட மாறாது. அதையும் எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்போது உங்கள் மத உரிமையைக் காப்பதாகச் சொல்ல முடியாது, வேறு காரணம் சொல்லவேண்டும்.

பட்டிமன்றக் குழுவுக்கு: தலைப்பை மாற்றுங்கள். 'சடங்கு யாருடையது, பதிவேடு யாருடையது' என்று வையுங்கள். நடுவருக்குக் கஷ்டம், கேட்பவர்களுக்கு நல்லது. என்னைக் கேட்டால், 30 நாள் நோட்டீஸை எடுத்துவிட்டு, பிரிட்டன் போலப் பூட்டும் போட்ட வழி 3-க்குத்தான் என் ஓட்டு. அது வரும்வரை தமிழ்நாடு வழி 2-ஐத் தொடங்கலாம்.

அந்த அம்மாவுக்கு: எந்தப் பக்கம் நிற்பது என்று இப்போதே முடிவு செய்யவேண்டாம். மகளை அடுத்த முறை வரும்போது மூன்று தாள் எழுதச் சொல்லுங்கள்: உயில், மருத்துவ விருப்பப் பத்திரம், எல்லாக் கணக்குக்கும் நாமினி. காப்பீட்டுப் பணத்தை உயிலிலும் பெயர் சொல்லி எழுதட்டும்.

இதை அவருக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தேன். பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி வந்தது: "உயிலில் நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?"

போடலாம் அம்மா. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ எதையாவது எழுதிவைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லாது. உங்களுக்கோ உங்கள் வீட்டுக்காரருக்கோ மகள் அதில் ஏதும் எழுதவில்லை என்றால், ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்னொரு சாட்சியை நான் பார்த்துக்கொள்கிறேன்.